அரே ஒன்று, லிஸ்ட் ஒன்று: சரக்கு ஒன்றா, இரண்டா?

கணினிக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு, ஜாவா நிரல்மொழியில் அரேயில் இருப்பவற்றை லிஸ்டுக்குக் கொண்டுபோவது பற்றியே இருந்ததால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பாடநூலில் அரேக்கு ‘அணி’ என்றும் லிஸ்டுக்குப் ‘பட்டியல்’ என்றும் பெயர். ஆனால் எழுதியவர்கள் அனைவரும் அரே, லிஸ்ட் என்றே குறிப்பிட்டிருப்பதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன். நிரல் வரிகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது ஜாவாவுக்கு உரிய சொற்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். மாறிகளுக்கும் நாமே எழுதும் கிளாஸ்களுக்கும் மட்டும் ‘ரகங்கள்’, ‘விலைகள்’ என்று தமிழிலேயே பெயர் வைத்துக்கொள்ளலாம். ஜாவா அதற்குத் தடை சொல்வதில்லை.

கேள்வி: ஐயா, நான் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். கிருஷ்ணகிரியில் என் தந்தை மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். அன்றாடம் வரும் கிரேட் (மாங்காய்ப் பெட்டி) கணக்குக்காக ஜாவாவில் ஒரு சிறு நிரல் எழுதினேன். ரகங்களின் பெயர்கள் ஓர் அரேயில், கிரேட் எண்ணிக்கை இன்னோர் அரேயில். பெயர்களை அகர வரிசையில் காட்டுவதற்காக அரேஸ்.ஆஸ்லிஸ்ட் மூலம் லிஸ்டாக்கி, அந்த லிஸ்டை மட்டும் வரிசைப்படுத்தினேன். அன்று மாலை கணக்கைப் பார்த்த அப்பா, “நம் மண்டிக்கு அல்போன்சா 120 கிரேட் எப்போது வந்தது?” என்று கேட்டார். அரேயை நான் தொடவே இல்லை. மேலும், மல்கோவாவைப் புதிதாக லிஸ்டில் சேர்க்க முயன்றபோது நிரல் நின்றுவிட்டது. எங்கே தவறு?
(வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: அரேயை நீங்கள் தொட்டுத்தான் இருக்கிறீர்கள், லிஸ்டின் வழியாக. கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய வரிகளையே எடுத்துக்கொள்வோம். ரகங்கள் என்ற அரேயில் பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்சா என்ற வரிசை. எண்ணிக்கை அரேயில் 120, 45, 60, 18 என்ற வரிசை. அகர வரிசைப்படுத்தியதும் பெயர்கள் அல்போன்சா, செந்தூரா, நீலம், பெங்களூரா என்று மாறிவிட்டன. எண்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. இதில் விபரீதம் என்னவென்றால், நடுவில் உள்ள செந்தூராவும் நீலமும் தற்செயலாகத் தத்தம் இடத்திலேயே நின்றதால் அவற்றின் கணக்கு சரியாகவே தெரிந்தது. முதலும் கடைசியும் மட்டும் இடம் மாறிக்கொண்டன. நிரலை ஓட்டிப் பார்த்துப் பாதி சரியாக இருந்தால் முழுவதும் சரி என்று நம்புவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மண்டிக்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் தப்பித்தீர்கள்.

காரணம் இதுதான். அரேஸ்.ஆஸ்லிஸ்ட் எதையும் நகல் எடுப்பதில்லை. உங்கள் அரே ஒரு கிடங்கு என்றால், அது தருவது அதே கிடங்குக்கு இன்னொரு வாசல். எந்த வாசல் வழியாக உள்ளே போய்ச் சரக்கை மாற்றி அடுக்கினாலும், அடுக்கப்படுவது ஒரே சரக்குதான். லிஸ்டில் செட் என்று ஓர் இடத்தை மாற்றினால் அரேயிலும் அந்த இடம் மாறும். அரேயில் மாற்றினால் லிஸ்டிலும் மாறும். வரிசைப்படுத்துவதும், தலைகீழாக்குவதும், கலைத்துப் போடுவதும் உள்ளே செட் வேலைதான் என்பதால், கலெக்ஷன்ஸ்.சார்ட், கலெக்ஷன்ஸ்.ரிவர்ஸ், கலெக்ஷன்ஸ்.ஷஃபிள் ஆகிய மூன்றுமே அரேயை மாற்றிவிடும்.

மல்கோவா உள்ளே போகாததற்கும் இதுவே காரணம். அரேயின் நீளம் அது உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது. நான்கு இடம் கொண்ட கிடங்கில் எந்த வாசலில் நின்று தள்ளினாலும் ஐந்தாவது இடம் வராது. ஆகவே அந்த லிஸ்டில் ஆட் (சேர்த்தல்) செய்தாலும், ரிமூவ் (நீக்கல்) செய்தாலும், அன்சப்போர்ட்டட் ஆபரேஷன் எக்செப்ஷன் என்ற பிழையுடன் நிரல் நின்றுவிடும். இங்கே பலரைக் குழப்பும் ஒரு பெயர்ச் சிக்கலும் இருக்கிறது. திரும்பக் கிடைக்கும் லிஸ்டின் கிளாஸ் பெயரைக் கேட்டால் அரேலிஸ்ட் என்றே வரும். ஆனால் அது அரேஸ் கிளாஸுக்குள்ளே ஒளிந்திருக்கும் வேறோர் அரேலிஸ்ட். நாம் அன்றாடம் பயன்படுத்தும் அரேலிஸ்ட் அல்ல. ஒரே தெருவில் ஒரே பெயரில் இருவர் குடியிருப்பதைப் போன்றது. கடிதத்தைக் கொடுக்கும் முன் வீட்டுப் பெயரையும் பார்க்க வேண்டும்.

தீர்வு ஒரே வரி:

லிஸ்ட்<ஸ்ட்ரிங்> பட்டியல் = நியூ அரேலிஸ்ட்<>(அரேஸ்.ஆஸ்லிஸ்ட்(ரகங்கள்));

வெளியே உள்ள நியூ அரேலிஸ்ட், உள்ளே வந்த எல்லாப் பெயர்களையும் தனக்கென ஓர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. இனி இது தனிக் கிடங்கு. வரிசைப்படுத்தலாம், மல்கோவாவைச் சேர்க்கலாம், நீலம் பருவம் முடிந்ததும் நீக்கலாம். பழைய அரே அசையாது. அன்றாட வேலைக்கு நான் பரிந்துரைப்பது இந்த வரியைத்தான்.

ஏற்கெனவே ஒரு லிஸ்ட் இருந்து, அதில் காலையில் வந்த ரகங்கள் இருக்க, மாலை வண்டியின் ரகங்களை அதன் பின்னால் சேர்க்க வேண்டுமானால் கலெக்ஷன்ஸ்.ஆட்ஆல்(பட்டியல், மாலைரகங்கள்) என்பது பொருத்தமாக இருக்கும். எல்லாவற்றையும் சேர்க்காமல், பத்து கிரேட்டுக்கு மேல் வந்த ரகங்களை மட்டும் சேர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்கும் சாதாரண ஃபார் லூப்பே போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லிஸ்டை யாரும் மாற்றக் கூடாது என்பது நோக்கமானால் லிஸ்ட்.ஆஃப்(ரகங்கள்) என்று எழுதுங்கள். 2017-இல் வெளியான ஜாவா 9-இலிருந்து இது இருக்கிறது. தருவது தனி நகல். ஆட், ரிமூவ் மட்டுமல்லாமல் செட், சார்ட் ஆகியவற்றையும் மறுத்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் இன்னும் ஜாவா 8 தான் என்றால், நகலெடுத்த லிஸ்டைக் கலெக்ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்டுக்குள் வைத்தால் அதே பயன் கிடைக்கும். நகலெடுக்காமல் ஆஸ்லிஸ்டை நேரே அதற்குள் வைத்துவிடாதீர்கள். அது ஒரு வாசலைப் பூட்டிவிட்டு, மற்றொரு வாசலைத் திறந்து வைப்பதற்குச் சமம். அரேயின் பக்கமிருந்து வரும் மாற்றங்கள் லிஸ்டில் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெயரை ஓர் அரேயிலும் அதன் எண்ணிக்கையை இன்னோர் அரேயிலும் வைத்து, இடத்தை மட்டும் நம்பி இரண்டையும் பொருத்துவதுதான் இந்த விபத்தின் வேர். ரகம், கிரேட் ஆகிய இரண்டையும் ஒரே கிளாஸில் சேர்த்து வைத்திருந்தால், எப்படி வரிசைப்படுத்தினாலும் பெங்களூராவின் 120 பெங்களூராவுடனேயே போயிருக்கும்.

கேள்வி: தர்மபுரி பட்டுக்கூடு ஏலத்தில் எங்கள் லாட்டுகளுக்குக் கிடைத்த கிலோ விலைகளை இன்ட் (முழு எண்) அரேயாக வைத்திருக்கிறேன். ‘வார் பட்டியல் = அரேஸ்.ஆஸ்லிஸ்ட்(விலைகள்)’ என்று எழுதினேன். ஆறு விலைகள் இருக்க, லிஸ்டின் அளவைக் கேட்டால் 1 என்கிறது. நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரும் குறை சொல்லவில்லை.
(வாசகர், காரிமங்கலம்)

பதில்: குறை சொல்லியிருக்கும், நீங்கள் ‘வார்’ என்று எழுதாமல் ‘லிஸ்ட்<இன்டீஜர்>’ என்று வகையை வெளிப்படையாக எழுதியிருந்தால். ஜாவாவின் லிஸ்டுக்குள் ஆப்ஜெக்ட் மட்டுமே போக முடியும். இன்ட் ஆப்ஜெக்ட் அல்ல. ஆனால் இன்ட் அரே என்ற முழு அரே ஓர் ஆப்ஜெக்ட். ஆகவே ஆஸ்லிஸ்ட், ஆறு விலைகளையும் கட்டி ஒரே மூட்டையாக லிஸ்டில் வைத்துவிட்டது. அளவு 1 என்பது பொய்யல்ல, மூட்டை ஒன்றுதான்.

இந்தக் குழி தொடக்கத்தில் இல்லை என்பது சுவையான செய்தி. 1998-இல் ஜாவா 1.2-உடன் ஆஸ்லிஸ்ட் வந்தபோது அது ஆப்ஜெக்ட் அரேயை மட்டுமே ஏற்றது. இன்ட் அரேயைக் கொடுத்தால் கம்பைலர் வாசலிலேயே நிறுத்திவிடும். கிருஷ்ணகிரி நம் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அதே 2004-இல் வெளியான ஜாவா 5, எத்தனை மதிப்புகளை வேண்டுமானாலும் காற்புள்ளியிட்டுக் கொடுக்கலாம் என்ற வார்ஆர்க்ஸ் வசதியைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து, எதைக் கொடுத்தாலும் “சரி, இது ஒரு மதிப்பு” என்று ஏற்றுக்கொள்ளும் தாராளம் ஆஸ்லிஸ்டுக்கு வந்துவிட்டது.

உங்களுக்கு வேண்டிய வரி:

லிஸ்ட்<இன்டீஜர்> பட்டியல் = அரேஸ்.ஸ்ட்ரீம்(விலைகள்).பாக்ஸ்ட்().கலெக்ட்(கலெக்டர்ஸ்.டுலிஸ்ட்());

நடுவில் உள்ள பாக்ஸ்ட் என்பதுதான் ஒவ்வோர் இன்ட்டையும் இன்டீஜர் என்ற ஆப்ஜெக்டாக மாற்றுகிறது. லாங், டபுள் அரேக்களுக்கும் இது பொருந்தும். ஃப்ளோட், சார், பைட், ஷார்ட் ஆகியவற்றின் அரேக்களுக்கு அரேஸ்.ஸ்ட்ரீம் கிடையாது, அங்கே ஃபார் லூப் எழுதி ஒவ்வொன்றாக ஆட் செய்ய வேண்டியதுதான்.

லிஸ்டானதும் இரண்டு இடங்களில் கால் இடறும். விலை 520-ஐ நீக்குவதற்காகப் பட்டியல்.ரிமூவ்(520) என்று எழுதினால், ஜாவா அதை 520 என்ற மதிப்பாக எடுத்துக்கொள்ளாது. 520 என்ற இடத்தில் உள்ளதை நீக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, ஆறே இடம் உள்ள லிஸ்டில் அப்படியோர் இடம் இல்லை என்று பிழை காட்டும். பட்டியல்.ரிமூவ்(இன்டீஜர்.வேல்யூஆஃப்(520)) என்று எழுதினால் மதிப்பு நீங்கும். இதில் 520 எடுத்துக்காட்டாக இருப்பது உங்கள் நல்ல காலம். மதிப்பு 2 ஆக இருந்திருந்தால் பிழையே காட்டாமல் மூன்றாவது விலை சத்தமின்றிக் காணாமல் போயிருக்கும்.

மற்றொன்று, இரண்டு லாட்டுகளுக்கு ஒரே விலையா என்று பார்க்க, லிஸ்டிலிருந்து எடுத்த இரண்டு இன்டீஜர்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுவது. அது மதிப்பை ஒப்பிடாது. இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும். -128 முதல் 127 வரையிலான எண்களுக்கு ஜாவா ஒரே ஆப்ஜெக்டைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால், சின்ன எண்களை வைத்துச் சோதித்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். 520-க்கும் 520-க்கும் ‘சமமில்லை’ என்று வரும். ஈக்வல்ஸ் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஓசூரில் ஒரு நிறுவனத்தில் நேர்காணலுக்குச் சென்றிருந்தேன். அரேயை லிஸ்டாக்க எது மிக வேகமான வழி என்று கேட்டார்கள். ஸ்ட்ரீம் என்றேன், சிரித்தார்கள். சரியான விடை என்ன?
(வாசகர், சூளகிரி)

பதில்: எந்த லிஸ்ட் வேண்டும் என்று தெரியாமல் எது வேகம் என்று சொல்ல முடியாது, அதையே அவர்களிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். இன்னொரு வாசல் மட்டும் போதுமென்றால் ஆஸ்லிஸ்ட்தான் வேகம். அரேயில் பத்து இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் அதற்கு ஒரே நேரம்தான், ஏனெனில் அது எதையும் நகர்த்துவதில்லை. தனி நகல் வேண்டுமென்றால், எந்த வழியில் போனாலும் ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது தொட்டாக வேண்டும். அரே இரண்டு மடங்கானால் நேரமும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அந்த வழிகளுக்குள் உள்ள வேறுபாடு, சில ஆயிரம் பெயர்கள் உள்ள நிரலில் கண்ணுக்கே தெரியாது.

ஃபார் லூப்பில் மட்டும் ஒரு சிக்கனம் செய்யலாம். வெறும் நியூ அரேலிஸ்ட் என்று தொடங்கினால், அது முதல் ஆட்டின்போது 10 இடம் எடுத்துக்கொண்டு, நிரம்பும் ஒவ்வொரு முறையும் பாதி அளவு கூட்டி 15, 22, 33 என்று வளரும். ஒவ்வொரு வளர்ச்சியின்போதும் உள்ளே இருப்பவை முழுவதும் புதிய இடத்துக்கு நகலாகும். ஜாவாவின் திறமூல வடிவமான ஓப்பன்ஜேடிகேயில் 1000 பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் இப்படி 12 முறை குடிமாற நேரிடும். நியூ அரேலிஸ்ட்<>(ரகங்கள்.லெங்த்) என்று அளவை முன்பே சொல்லிவிட்டால் ஒரு முறைகூடக் குடிமாற வேண்டாம்.

கலெக்ஷன்ஸ்.ஆட்ஆல் மற்றதைவிடக் கணிசமாக வேகமாக இருக்கலாம் என்று பழைய ஜாவா ஆவணங்களில் எழுதியிருந்ததை நம்பி, அதையே விடையாகச் சொல்பவர்கள் உண்டு. அளந்து பார்க்காமல் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஸ்ட்ரீம் தவறான விடையல்ல. வடிகட்டவோ மாற்றவோ செய்யாமல் வெறுமனே நகலெடுக்க மட்டும் அதை அழைப்பது, பக்கத்துத் தெருவுக்குப் போக லாரி பிடிப்பதைப் போன்றது. அவர்கள் சிரித்ததில் நியாயமில்லை என்றாலும் காரணம் அதுவாக இருக்கலாம்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. தேர்வு அறையில் இருக்கை வாரியாக மாணவர் பெயர்களை அரேயில் வைத்து, வராதவர்களின் இடத்தை நல் (எதுவும் இல்லை) என்று விட்டிருக்கிறேன். லிஸ்ட்.ஆஃப் கொடுத்தால் நல் பாயின்டர் எக்செப்ஷன் வருகிறது.
(வாசகி, அரூர்)

பதில்: லிஸ்ட்.ஆஃப், லிஸ்ட்.காப்பிஆஃப், கலெக்டர்ஸ்.டுஅன்மாடிஃபையபிள்லிஸ்ட் ஆகிய மூன்றும் நல்லை ஏற்பதில்லை. ஆஸ்லிஸ்ட், அரேலிஸ்ட், ஜாவா 16-இல் வந்த ஸ்ட்ரீமின் டுலிஸ்ட் ஆகியவை ஏற்கும். உங்களுக்கு இருக்கை எண் முக்கியம் என்பதால் நல்லை நீக்கிவிட முடியாது. நீக்கினால் பின்னால் உள்ளவர்கள் அனைவரும் ஓர் இருக்கை முன்னுக்கு வந்துவிடுவார்கள். மாற்ற முடியாததாகவும் வேண்டும், நல்லும் இருக்க வேண்டும் என்றால் அரேஸ்.ஸ்ட்ரீம்(பெயர்கள்).டுலிஸ்ட்() என்பதே சுருக்கமான வழி.

கேள்வி: சுய உதவிக் குழு உறுப்பினர்களின் அரேயை, நீங்கள் முன்பொரு முறை சொன்னபடியே நியூ அரேலிஸ்ட் மூலம் நகலெடுத்தேன். லிஸ்டில் ஒருவருடைய சேமிப்புத் தொகையை மாற்றினால் அரேயிலும் மாறுகிறது. தனி நகல் என்றீர்களே?
(வாசகி, பென்னாகரம்)

பதில்: நகலானது உறுப்பினர் அல்ல, உறுப்பினர் இருக்கும் முகவரி. அரேயின் ஒவ்வோர் இடத்திலும் இருப்பது, ‘இன்னார் இந்த வீட்டில் இருக்கிறார்’ என்ற துண்டுச் சீட்டு. நியூ அரேலிஸ்ட் அந்தச் சீட்டுகளைத்தான் வேறொரு நோட்டில் பார்த்து எழுதிக்கொள்கிறது. நோட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்தாலோ வரிசையை மாற்றினாலோ பழைய நோட்டு மாறாது. ஆனால் எந்த நோட்டைப் பார்த்துப் போனாலும் போய்ச் சேரும் வீடு ஒன்றே, ஆகையால் அங்கே மாற்றிய தொகை இரண்டு வழியிலும் தெரியும். லிஸ்ட்.ஆஃப், ஸ்ட்ரீம், அரேயின் குளோன் உட்பட இந்தப் பக்கத்தில் வந்துள்ள எந்த வழியும் இதற்கு விலக்கல்ல. மாற்ற முடியாதது என்று நாம் சொன்ன லிஸ்டில்கூட, உள்ளே இருக்கும் உறுப்பினரின் தொகையை மாற்ற முடியும்.

மாம்பழ ரகங்களில் இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம், ஸ்ட்ரிங் ஒரு முறை உருவானபின் மாறாதது என்பதே. உறுப்பினர்களும் தனித்தனியாக வேண்டுமென்றால், ஒரு பழைய உறுப்பினரைப் பார்த்துப் புதிய உறுப்பினரை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றை எழுதிவிட்டு, ஃபார் லூப்பில்

பட்டியல்.ஆட்(நியூ உறுப்பினர்(பழையவர்));

என்று ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும். உறுப்பினருக்குள் முகவரி, தவணைப் பட்டியல் போன்ற வேறு ஆப்ஜெக்டுகள் இருந்தால் அந்தக் கன்ஸ்ட்ரக்டர் அவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டும். இல்லையேல் அதே கதை ஒரு படி உள்ளே தள்ளி நடக்கும். முந்தைய இதழில் ‘தனி நகல்’ என்று இதை விளக்காமல் எழுதியது என் பிழை.

கேள்வி: ராயக்கோட்டையில் ஒரு வாரத்துக்கான தக்காளி விலைகள் ஏழும் ஓர் இன்டீஜர் அரேயில் உள்ளன. மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை மட்டும் லிஸ்டாக வேண்டும்.
(வாசகர், ராயக்கோட்டை)

பதில்: நியூ அரேலிஸ்ட்<>(அரேஸ்.ஆஸ்லிஸ்ட்(விலைகள்).சப்லிஸ்ட்(2, 5)) என்று எழுதுங்கள். எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குவதால் மூன்றாம் நாள் 2-ஆவது இடம். கடைசி எண்ணுக்கு உரிய இடம் சேராது என்பதால் 4-உடன் நின்றுவிடும், மூன்று விலைகள் கிடைக்கும். வெளியே உள்ள நியூ அரேலிஸ்டை விட்டுவிட்டால், சப்லிஸ்ட் தருவதும் வாசல்தான். அதை வரிசைப்படுத்தினால், கிருஷ்ணகிரி வாசகிக்கு அல்போன்சா 120 கிரேட் வந்ததைப் போல, உங்களுக்கும் மூன்றாம் நாள் விலை ஐந்தாம் நாளுக்கு வந்துவிடலாம்.